வாய் வழியே போன கத்தி

கையில் வாங்கிப் பார்த்தால் இதுவா கத்தி என்று தோன்றும். ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். தடிமன் இரண்டு மில்லிமீட்டர் அளவுதான். நுனிக்கு அருகே மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு உள்ளிருக்கும் உலோகக் கம்பி வெளியே தெரியும். மறுமுனையில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் குழாயின் நுனி வளையும், கம்பி விறைக்கும், நாண் ஏற்றிய வில்லைப் போல நிற்கும். கம்பியில் மின்சாரம் பாயும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் அது கத்தி. மருத்துவர்கள் இதை ஸ்பிங்க்டரோடோம் என்கிறார்கள். நோயாளியின் வாய் வழியே எண்டோஸ்கோப்புக்குள் இறங்கி, இரைப்பையைத் தாண்டி, சிறுகுடலின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு சிறு புடைப்பைக் கீறிவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். வயிற்றின் மேல் ஒரு கீறல்கூட இருக்காது.

1973-க்கு முன் இப்படி ஒரு கருவி இல்லை. பித்தநாளத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்த நோயாளிக்கு அதுவரை இருந்த வழி, மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறப்பது. காய்ச்சலில் நடுங்கி, ரத்த அழுத்தம் சரிந்து, நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒருவரைத்தான் அறுவை மேசையில் படுக்க வைக்க வேண்டும். திறந்தாலும் ஆபத்து, திறக்காவிட்டாலும் ஆபத்து. அந்த இக்கட்டிலிருந்துதான் இந்தக் கம்பிக்கத்தி பிறந்தது.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தநீரைச் சுரக்கிறது. சின்னச் சின்னக் குழாய்கள் ஒன்றுசேர்ந்து பொதுப் பித்தநாளமாகின்றன. அதன் அகலம் சாதாரணமாக ஆறேழு மில்லிமீட்டர். அது கணையத்தின் தலைப்பகுதியை ஒட்டி இறங்கி, கணைய நாளத்தோடு சேர்ந்து, முன்சிறுகுடலின் உட்சுவரில் உள்ள ஒரு புடைப்பில் திறக்கிறது. 1720-இல் இந்த இடத்தை விவரித்த ஜெர்மானியர் ஆபிரகாம் ஃபாட்டரின் பெயரால் ஃபாட்டர் புடைப்பு என்று அழைக்கப்படுகிறது. அந்த வாசலைச் சுற்றி ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. 1887-இல் அதன் வேலையை விளக்கி எழுதிய ருஜ்ஜேரோ ஓடி அப்போது இத்தாலியின் பெருஜியாவில் மருத்துவ மாணவர். சுருக்குத் தசை இன்றும் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

குடலில் கிருமிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அதற்கு ஒரு தசையளவு தூரத்தில் ஓடும் பித்தநீரில் சாதாரணமாகக் கிருமியே இருப்பதில்லை. ஓடியின் தசை ஒரு காவல். நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் பித்தநீர் இன்னொரு காவல். பித்தப்பையிலிருந்து நழுவிய ஒரு கல் நாளத்தின் கீழ்முனையில் வந்து சிக்கினால் ஓட்டம் நிற்கிறது. தேங்கிய பித்தநீரில் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற குடல் கிருமிகள் பெருகத் தொடங்குகின்றன. அதோடு உள்ளே அழுத்தமும் ஏறுகிறது. சாதாரணமாக 7 முதல் 14 சென்டிமீட்டர் நீர்மட்ட அளவில் இருக்கும் அழுத்தம் 25-ஐத் தாண்டினால், கிருமிகளும் அவற்றின் நச்சும் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கல்லீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் புகுந்துவிடுகின்றன. நோயாளிக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடுவது இதனால்தான். மதியம் காய்ச்சல் என்று வந்தவர் இரவுக்குள் ஐ.சி.யு.வுக்குப் போய்விடுவதும் இதனால்தான்.

இந்த நோயைப் பற்றி வேறெதை மறந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அடைப்பு முழுமையாக இருந்தால் ஊசி மருந்து அடைபட்ட நாளத்துக்குள் போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. ஆன்டிபயாடிக் ரத்தத்தில் இறங்கிய கிருமியோடு போராடும், நேரம் வாங்கிக் கொடுக்கும். அடைப்பை எடுக்காதவரை கிருமி வந்துகொண்டே இருக்கும். வழி திறந்தாக வேண்டும். இது புரிவதற்குப் பல பத்தாண்டுகளும், பாதுகாப்பாகச் செய்ய இன்னும் சில பத்தாண்டுகளும் ஆயின.

நோயை முதலில் அடையாளம் காட்டியவர் பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஜான் மார்த்தான் ஷார்க்கோ. நரம்பு நோய்களுக்காகப் புகழ்பெற்றவர், இளம் ஃப்ராய்டுக்குக் கற்றுக்கொடுத்தவர். அவரே கல்லீரல், பித்த நாளங்கள், சிறுநீரகம் ஆகியவற்றின் நோய்களைப் பற்றியும் பாடம் எடுத்தார். 1877-இல் வெளிவந்த அந்தப் பாடங்களில், விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலது விலாவுக்கு அடியில் வலி மூன்றும் சேர்ந்து வரும் நோயாளிகளை விவரித்தார். அதைக் கல்லீரல் காய்ச்சல் என்றார். அவருடைய மூன்று அடையாளங்கள் இன்றும் உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களின் வாயில் மனப்பாடமாக இருக்கின்றன. அவரிடம் ஸ்கேன் இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. படுக்கையருகே நின்று பார்த்ததும், இறந்தபின் உடலைத் திறந்து பார்த்ததும்தான். அதை வைத்துக்கொண்டு அவர் கண்டது பெரிய விஷயம். அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டு நாம் செய்த தவறைப் பிறகு சொல்கிறேன்.

ஷார்க்கோ சொன்ன பிறகு அறுவை மருத்துவர்கள் களம் இறங்கினார்கள். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து லுட்விக் கூர்வாசியே போன்றவர்கள் பித்தநாளத்தையே திறந்து கல்லை எடுக்கத் துணிந்தார்கள். 1903-இல் ரோஜர்ஸ் என்ற மருத்துவர், அடைபட்ட பித்தநாளத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகிச் சீழை வடித்து ஒரு நோயாளியைக் காப்பாற்ற முயன்றார். நோயாளி பிழைக்கவில்லை. உடலைத் திறந்து பார்த்தபோது கல்லீரல் முழுக்கச் சீழ்க்கட்டிகள். ஆனாலும் இனி வரும் நோயாளிகளுக்கு அடைபட்ட நாளத்தை வடிப்பதே வழி என்று எழுதினார். தன் கையில் ஒருவர் இறந்த பிறகும், செய்ய நினைத்தது சரி, இன்னும் முயல வேண்டும் என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். ஜெர்மனியின் ஹான்ஸ் கேர் பித்தநாளத்துக்குள் வைத்துவிட்டு வரும் டி வடிவ ரப்பர் குழாயைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அறுவை அரங்குகளில் இருக்கின்றன.

1959-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ரெனால்ட்ஸும் டார்கனும் ஷார்க்கோவின் மூன்றோடு இரண்டைச் சேர்த்தார்கள்: மனக்குழப்பம், ரத்த அழுத்தச் சரிவு. முழு அடைப்புக்குப் பின்னால் சீழ் அழுத்தத்தோடு நிற்கும் நிலை இது, உடனே அழுத்தத்தை இறக்க வேண்டும் என்று எழுதினார்கள். நோயைப் படித்தாயிற்று, தீர்வையும் சொல்லியாயிற்று. கையில் இருந்த கருவி மட்டும் இன்னும் வயிற்றைத் திறக்கும் கத்திதான்.

வயிற்றைத் திறக்காமல் நாளத்தை எட்ட இரண்டு பக்கம் உண்டு. ஒன்று மேலிருந்து, கல்லீரல் வழியாக. 1937-இல் ஹனோயில் பியேர் ஹுவார், தோ சுவான் ஹோப் இருவரும் தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசியைச் செலுத்திப் பித்தநாளத்தில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தை ஏற்றினார்கள். ஊசி தடித்தது என்பதால் ரத்தக் கசிவும் பித்தக் கசிவும் பயமுறுத்தின. 1970-களில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஒகுடாவின் குழு மெல்லிய, வளையும் ஊசி ஒன்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வழி பரவலாகத் திறந்தது. வாய் வழியே போக முடியாத நோயாளிக்கு இன்றும் கைகொடுப்பது இதுதான்.

இன்னொரு பக்கம் கீழிருந்து, பித்தநீர் வெளிவரும் அதே வாசல் வழியாக. அதற்கு முதலில் வாசல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் மிச்சிகனில் கண்ணாடி இழைகளால் ஆன வளையும் எண்டோஸ்கோப்பைக் காட்டினார். இரைப்பைக்குள் பார்க்க முடிந்தது. ஃபாட்டர் புடைப்போ முன்சிறுகுடலின் பக்கவாட்டுச் சுவரில் இருக்கிறது. நேராகப் பார்க்கும் கருவி அதைத் தாண்டிப் போய்விடும். 1968-இல் வாஷிங்டனில் அறுவை மருத்துவர் வில்லியம் மெக்கியூன் தன் குழுவோடு, கையில் இருந்த எண்டோஸ்கோப்பின் பக்கத்தில் தாங்களே ஒரு மெல்லிய குழாயைக் கட்டி, புடைப்பின் துளைக்குள் மருந்தை ஏற்றிப் படம் எடுத்தார். பெரும்பாலோருக்குக் குழாய் நுழையவில்லை. நுழைந்த சிலரின் எக்ஸ்ரேயில் கணைய நாளம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதுவரை அறுவைசெய்யாமல் பார்ப்பது மிக அரிதாக இருந்த கோடு அது.

அந்த வேலையை ஜப்பானியர்கள் செம்மையாக்கினார்கள். டோக்கியோ பெண்கள் மருத்துவக் கல்லூரியில் இருந்த இட்டாரு ஓயி, கருவி நிறுவனங்களோடு கூடி உட்கார்ந்து பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்பை உருவாக்கினார். 1969, 1970 ஆண்டுகளில் அதைக் கொண்டு பித்தநாளத்தையும் கணைய நாளத்தையும் நம்பகமாகப் படம் எடுக்க முடிந்தது. அந்தக் கருவியின் நுனியில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். கைப்பிடியிலுள்ள திருகைத் திருப்பினால் நெம்புகோல் எழும்பி, வெளியே வரும் குழாயைத் தூக்கிக் கொடுக்கும். கீழிருந்து மேல்நோக்கி, சாய்ந்த கோணத்தில்தான் பித்தநாளத்துக்குள் நுழைய முடியும் என்பதால் இந்த நெம்புகோல் இல்லாமல் எதுவும் நடக்காது. இ.ஆர்.சி.பி. என்று இன்று நம் ஊர் மருத்துவமனைச் சீட்டுகளில் எழுதப்படும் சிகிச்சை இப்படித் தொடங்கியது. அப்போது அது வெறும் பரிசோதனைதான். கல் இருப்பது தெரியும், எடுக்க முடியாது.

தெரிந்தும் எடுக்க முடியாமல் நிற்பது யாரையும் சும்மா இருக்க விடாது. 1973-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் மெய்ன்ஹார்ட் கிளாஸனும் லுட்விக் டெம்லிங்கும், ஜப்பானின் கியோட்டோவில் கெய்ச்சி கவாயின் குழுவும், ஒருவரையொருவர் எதிர்பார்க்காமல் அந்த அடியை எடுத்துவைத்தார்கள். குழாயின் நுனியில் கம்பியை வைத்து, உயர் அதிர்வெண் மின்சாரம் பாய்ச்சி, ஓடியின் தசையைக் கீறித் திறந்தார்கள். இரண்டு குழுக்களும் 1974-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டன. எர்லாங்கன் கம்பி இழுத்தால் வில்லாக வளையும் வகை. இன்று கையில் எடுக்கும் கத்திகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

துணிச்சல் எவ்வளவு என்பது அந்த இடத்தை எண்ணிப் பார்த்தால் புரியும். கீறவேண்டிய தசைக்குப் பின்னால் குடல் சுவர் முடிந்துவிடுகிறது. சற்று அதிகம் கீறினால் குடல் ஓட்டையாகும். பக்கத்தில் ரத்தக்குழாய். கணைய நாளத்தின் வாயும் அங்கேயே. பக்கத்தில் நின்று தையல் போட யாரும் இல்லை. மருத்துவரின் கைக்கும் கத்தி நுனிக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் தூரம். வயிற்றைத் திறந்து பழகிய அறுவை மருத்துவர்கள் பலர் ஆரம்பத்தில் இதை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்தம் கொட்டினால் கடைசியில் கூப்பிடப்படுபவர்கள் அவர்கள்தானே.

இன்று அந்த அறையில் நடப்பது இது. நோயாளியைக் குப்புறவோ இடப்பக்கம் சாய்த்தோ படுக்க வைக்கிறார்கள். பற்களுக்கிடையே ஒரு வளையம். மயக்கம் கொடுக்கிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப் உள்ளே இறங்குகிறது. திரையில் குடலின் இளஞ்சிவப்புச் சுவர், பிறகு அந்தப் புடைப்பு. பித்தநாளம் அடைபட்டிருந்தால் புடைப்பே உப்பிப் பளபளக்கும். சில நேரம் கல்லின் முனை துளையில் துருத்திக்கொண்டிருக்கும். முதலில் மெல்லிய ஒரு வழிகாட்டிக் கம்பியை நாளத்துக்குள் அனுப்புகிறார்கள். கணைய நாளத்துக்குள் போய்விட்டால் பின்வாங்கி மறுபடி முயல வேண்டும். கம்பி சரியான நாளத்தில் மேலேறுவது எக்ஸ்ரே திரையில் தெரிந்ததும் அறையில் எல்லோரும் மூச்சு விடுகிறார்கள். கத்தி வளைகிறது, பெடல் அழுத்தப்படுகிறது, மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தசை பிளக்கிறது. தொற்று முற்றியவர்களுக்கு அந்த நொடியில் பித்தநீரோடு கெட்டியான சீழ் குபுகுபுவென்று குடலுக்குள் கொட்டுவது திரையில் தெரியும். பல நோயாளிகளுக்கு அடுத்த சில மணி நேரத்திலேயே காய்ச்சல் இறங்கத் தொடங்குகிறது.

நிலைமை மோசமாக இருப்பவருக்கு அப்போதே கல்லை எடுக்க மெனக்கெடுவதில்லை. ரத்தம் உறையாத நிலையில் இருப்பவருக்குக் கீறுவதும் இல்லை. அடைப்பைத் தாண்டி ஒரு குழாயை மட்டும் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். மூக்கு வழியே வெளியே வந்து பையில் வடியும் நீண்ட குழாயாகவும் அது இருக்கலாம், உள்ளேயே தங்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட்டாகவும் இருக்கலாம். ஸ்டென்ட்டைப் பித்தநாளத்துக்கு முதலில் கொண்டுவந்தவர் நிப் ஸோஹெந்த்ரா. இந்தோனேசியாவில் பிறந்து ஹாம்பர்க்கில் பணியாற்றிய அறுவை மருத்துவர். 1980-இல் அவர் எழுதியது புற்றுநோயால் அடைபட்ட நாளங்களைப் பற்றி. காமாலையோடு கடைசி மாதங்களைக் கழிப்பவர்களுக்கு அரிப்பும் வேதனையும் குறைய வேண்டும் என்று செய்தது, பின்னாளில் சீழ் பிடித்த நாளங்களுக்கும் உயிர் காக்கும் குழாயானது.

எல்லாம் இருந்தும் பெரிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. உயிருக்குப் போராடும் நோயாளிக்கு எது நல்லது, அறுவையா, எண்டோஸ்கோப்பா? அதற்குப் பதில் வந்தது ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ அல்ல, ஹாங்காங்கிலிருந்து. அதற்குக் காரணம் இருந்தது. அங்கே இந்த நோய் அவ்வளவு மலிந்து கிடந்தது. பித்தநாளத்தில் கல் உருவாகி, சீழ் பிடித்து, சரியாகி, மறுபடி சீழ் பிடிக்கும் ஒரு வகையை ஹாங்காங் நோய் என்றே பெயர் சொல்லி அழைத்தார்கள். 1930-இல் டிக்பி என்ற மருத்துவர் அதைக் கவனித்து எழுதினார். 1954-இல் ஹாங்காங் பல்கலைக்கழக மருத்துவர்கள் அதற்கு மறுபடி மறுபடி வரும் சீழ்ப் பித்தநாள அழற்சி என்று பெயர் கொடுத்தார்கள். வேகாத நன்னீர் மீனில் இருந்து வரும் கல்லீரல் தட்டைப்புழுவுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஏழைக் குடும்பங்களைத்தான் அது அதிகம் தாக்கியது.

குயீன் மேரி மருத்துவமனையில் எட்வர்ட் லாயின் குழு, கல்லால் கடுமையான தொற்று வந்த 82 பேரைச் சரிபாதியாகப் பிரித்தது. 41 பேருக்கு உடனடி அறுவை. 41 பேருக்கு வாய் வழியே போய் வடிகுழாய் வைத்து, உடல் தேறிய பிறகு மிச்ச சிகிச்சை. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கல்தான் தீர்மானித்தது, மருத்துவரின் விருப்பம் அல்ல. 1992-இல் வந்த முடிவு: அறுவைக் குழுவில் 13 பேர் இறந்தார்கள். எண்டோஸ்கோப் குழுவில் 4 பேர். நூற்றுக்கு 32-ம் 10-ம்.

இந்த எண்களை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரே மருத்துவமனை, ஒரே நோய், ஒரே கைதேர்ந்த குழு. அறுவை செய்தவர்கள் உலகத்தரமான அறுவை மருத்துவர்கள். அவர்களே தங்கள் கத்தியைத் தராசில் வைத்து, எடை குறைவு என்று அச்சில் எழுதினார்கள். உடம்பு முழுக்க நச்சு ஏறியவரால் மயக்க மருந்தையும் பெரிய வெட்டையும் தாங்க முடிவதில்லை. முதலில் அழுத்தத்தை இறக்கு, மீதியைப் பிறகு பார் என்பது அன்றோடு நிலைபெற்றது. இப்போது அறுவை என்பது வேறு எந்த வழியும் இல்லாதபோது மட்டும்.

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு பொருந்துவதில்லை. ஸ்ரீநகரில் முகம்மது சுல்தான் குரூவின் குழு 1990-இல் ஐந்நூறு நோயாளிகளைப் பற்றி எழுதியது. அங்கே பிரச்சினை கல் அல்ல, உருண்டைப்புழு. குடலில் இருக்கும் நாக்குப்பூச்சி புடைப்பின் துளை வழியே பித்தநாளத்துக்குள் ஏறிவிடும். உள்ளே செத்துப்போனால் அதைச் சுற்றிக் கல் வளரும், சீழ் பிடிக்கும். பெரும்பாலும் புழு தானாகவே வெளியே வந்துவிடும். வராதவர்களுக்கு எண்டோஸ்கோப் வழியே பிடித்து இழுத்தார்கள். தசையைக் கீறினால் வாசல் அகலமாகி அடுத்த புழு இன்னும் எளிதாக நுழையும். ஆகவே புழு மலிந்த ஊரில் இந்தக் கத்தியைத் தேவையில்லாமல் எடுக்கக் கூடாது என்பதும் அங்கிருந்து வந்த பாடம்.

கருவிக்குத் தன் பாவங்களும் உண்டு. சிகிச்சைக்குப் பிறகு கணையம் வீங்கிக்கொள்வது அதில் முதன்மையானது. 2012-இல் வந்த ஓர் ஆய்வில், அந்த ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஆசனவாயில் இண்டோமெதாசின் மாத்திரை வைத்ததில், 16.9 விழுக்காடாக இருந்த கணைய அழற்சி 9.2 ஆகக் குறைந்தது. விலை மலிந்த பழைய வலி மருந்து அது. இன்னொன்று, இட்டாரு ஓயி காலத்து நெம்புகோல். அதன் இடுக்குகளில் கிருமி ஒளிந்துகொள்கிறது. முறைப்படி கழுவி, மருந்தில் ஊறவைத்த பிறகும் சில எண்டோஸ்கோப்புகள் பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமிகளை ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குக் கொண்டுபோனது 2015 வாக்கில் லாஸ் ஏஞ்சல்ஸ் உள்ளிட்ட அமெரிக்க நகரங்களில் தெரியவந்தது. சிலர் இறந்தார்கள். 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நுனிமூடி போன்ற பாகங்களை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வகைக்கு மாறச் சொன்னது. தொற்றைத் தீர்க்கப் போகும் கருவியே தொற்றைக் கொடுக்கலாம் என்பது நினைத்தாலே நெஞ்சு பதறும் விஷயம். கழுவும் அறையில் வேலை பார்ப்பவருக்கும் எண்டோஸ்கோப் பிடிக்கும் மருத்துவருக்கும் நோயாளியின் உயிரில் சம பங்கு இருக்கிறது. சம்பளத்திலும் மரியாதையிலும் அது தெரிவதில்லை.

இனி ஷார்க்கோவின் மூன்று. காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் சேர்ந்திருந்தால் பித்தநாளத் தொற்று என்பது கிட்டத்தட்ட உறுதி. மூன்றும் சேரவில்லை என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொண்டதுதான் தவறு. ஜப்பானில் நோயாளிகளின் குறிப்புகளை அலசிப் பார்த்தபோது, இந்த நோய் இருந்தவர்களில் மூன்றும் சேர்ந்திருந்தது சுமார் 26 விழுக்காட்டினரிடம்தான். நான்கில் மூன்று பேர் பாடப்புத்தகப்படி வரவில்லை. முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் இருக்கலாம். வலி சொல்லத் தெரியாமல் இருக்கலாம். "அப்பா நேத்துலேர்ந்து ஒரு மாதிரி பேசறார், சாப்பிடலை, கை கால் நடுங்குது" என்பது மட்டும்தான் வீட்டார் சொல்லும் வரலாறாக இருக்கும்.

2006-இல் டோக்கியோவில் பல நாட்டு மருத்துவர்கள் கூடினார்கள். தலைமை தடாஹிரோ தகடா. 2007-இல் முதல் டோக்கியோ வழிகாட்டி வந்தது. 2013, 2018 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2013-இலிருந்து வழிகாட்டி நோயை மூன்று கோணத்தில் பார்க்கச் சொல்கிறது. உடலில் அழற்சி இருக்கிறதா: காய்ச்சல், குளிர் நடுக்கம், வெள்ளை அணுக்கள், சி.ஆர்.பி. ஆகிய ரத்தப் பரிசோதனை அளவுகள். பித்தம் தேங்கியிருக்கிறதா: பிலிருபின் 2 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் கல்லீரல் நொதிகள் ஒன்றரை மடங்குக்கு மேல். ஸ்கேனில் நாளம் விரிந்திருக்கிறதா, கல்லோ சுருக்கமோ பழைய ஸ்டென்ட்டோ தெரிகிறதா. முதலாவதோடு இன்னொன்று சேர்ந்தால் சந்தேகம், மூன்றும் இருந்தால் உறுதி. வலி இந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. 2013 வழிகாட்டியின் கணக்குப்படி இந்த முறை நூற்றில் கிட்டத்தட்ட 92 பேரைக் கண்டுபிடித்துவிடுகிறது. பித்தநாளக் கல்லைச் சாதாரண வயிற்று ஸ்கேன் பல நேரம் தவறவிடும் என்பதால், நாளம் விரிந்திருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். ஐயம் இருந்தால் எம்.ஆர்.சி.பி. எனும் எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேன் எடுக்கிறார்கள்.

நோயின் கடுமையும் தரம் பிரிக்கப்பட்டது. ரத்த அழுத்தம் மருந்து கொடுத்துத் தாங்கிப் பிடிக்கும் நிலைக்குப் போய்விட்டதா, நினைவு தடுமாறுகிறதா, மூச்சு, சிறுநீரகம், ரத்த உறைவு, தட்டணுக்கள் இவற்றில் ஏதாவது கெட்டுவிட்டதா? ஒன்று கெட்டிருந்தாலும் மிகக் கடுமை. உடனே தாங்கி நிறுத்தி, முடிந்த விரைவில் வடிக்க வேண்டும். எதிலும் முதல் வேலை, தேவைப்பட்டால் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட்டு, ஊசி மருந்தைத் தொடங்குவது. ரத்த அழுத்தம் சரிந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். நம் நாட்டில் பழைய மருந்துகளுக்கு மசியாத ஈ.கோலை மலிந்திருப்பதால் எந்த மருந்தில் தொடங்குவது என்பதை அந்த மருத்துவமனையின் அனுபவம்தான் சொல்ல முடியும். வடிக்கும் வசதி இல்லாத இடத்தில் மருந்தைத் தொடங்கிவிட்டு, கடுமை கூடியவரை வசதியுள்ள இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்றும் வழிகாட்டி சொல்கிறது. ஊசி போட்டிருக்கிறோம், இரண்டு நாள் பார்ப்போம் என்ற பேச்சுக்கு இந்த நோயில் இடமில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு தனித் தடை இருக்கிறது. கண் மஞ்சளானால் கீழாநெல்லி, பத்தியம், உப்பில்லாச் சோறு. வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும் என்பதால் இந்த நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக ஜெயித்து வந்திருக்கிறது. அடைப்பால் வரும் காமாலைக்கு அது எதுவும் செய்யாது. மஞ்சளோடு குளிர் நடுக்கமும் சேர்ந்தால், சிறுநீர் கறுத்து மலம் வெளுத்தால், வயதானவர் தடுமாறிப் பேசினால், அன்று இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை ஊருக்கு ஊர் சொல்லியாக வேண்டியிருக்கிறது. காமாலைக்குப் பெயர்போன ஊர்களில் மருந்து கொடுப்பவர்களிடமும் சொல்ல வேண்டும். அவர்களிடம்தான் நோயாளி முதலில் போகிறார்.

காய்ச்சல் இறங்கி வீட்டுக்குப் போன பிறகும் வேலை முடிவதில்லை. நாளத்தில் மிச்சக் கல் இருந்தால் எடுக்க வேண்டும். பித்தப்பையில் கல் இருந்தால் பித்தப்பையையே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த கல் நழுவும். எல்லாவற்றையும்விட ஸ்டென்ட். பிளாஸ்டிக் ஸ்டென்ட் சுமார் மூன்று மாதத்தில் பித்தக்கசடு படிந்து அடைபடத் தொடங்கும், அதற்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். நன்றாக இருக்கிறோம் என்று நோயாளி மறந்துவிடுகிறார். சீட்டு தொலைந்துபோகிறது, ஊர் தூரம், கூலி போகும். ஓராண்டு, ஈராண்டு கழித்து அதே நடுக்கத்தோடு, அதே மஞ்சளோடு வருகிறார். ஸ்கேனில் நாளம் முழுக்கக் கல், நடுவில் மறந்துபோன ஸ்டென்ட். சில மருத்துவமனைகள் இப்போது ஸ்டென்ட் வைத்தவர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்து, தேதி நெருங்கும்போது ஃபோன் போட்டுக் கூப்பிடுகின்றன. வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, மகன் அல்லது மகளின் எண். மூன்றே பத்தி.